ஆல்கோவின் கோடை (code) எதில் பூட்டுவது?

போன மாதம் நண்பர் ஒருவர் நிஃப்டி ஆப்ஷன்களைத் தானாகவே வாங்கி விற்கும் தன் ஆல்கோ புரோகிராமை, விண்டோஸில் நேரடியாக ஓடும் எக்ஸ்இ ஃபைலாக அனுப்பினார். மாதச் சந்தாவுக்கு விற்கப் போகிறாராம். "பைஇன்ஸ்டாலர்ல பேக் பண்ணிட்டேன், இனி யாரும் கோடைப் பார்க்க முடியாது. வேணும்னா நீங்களே திறந்து பாருங்க" என்றார். பார்த்தேன். டீ ஆறுவதற்குள் திறந்துவிட்டது.

பைஇன்ஸ்டாலர் எதையும் மறைக்க வந்த கருவி இல்லை. பைத்தானையும் உங்கள் பைட்கோடையும் (பைத்தான் ஓட்டுவதற்காக மாற்றிவைத்த கோட்) ஒரே மூட்டையாகக் கட்டித் தரும், அவ்வளவுதான். அவிழ்க்க இலவச ஸ்கிரிப்டே இருக்கிறது. புதிய பைத்தான் பதிப்பு என்றால் முழு சோர்ஸையும் திரும்ப எடுப்பதில் டீகம்பைலர்கள் தடுமாறும். ஆனால் பைட்கோடைப் படித்துக் காட்ட பைத்தானோடு கூடவே வரும் டிஸ் மாட்யூலில் போட்டாலே பெயர்களும் எண்களும் வரிசையாக வந்து விழும். நண்பரின் ஃபைலில் 'என்ட்ரி டைம்' பக்கத்தில் 09:20:00. 'எஸ்எல் பர்சன்ட்' (ஸ்டாப் லாஸ், நஷ்டத்தை நிறுத்தும் சதவீதம்) பக்கத்தில் 25. கொஞ்சம் கீழே அவருடைய சொந்த புரோக்கர் ஏபிஐ கீ, அதாவது அவர் கணக்கில் ஆர்டர் போட உதவும் ரகசியச் சாவி! பைட்கோடை என்கிரிப்ட் செய்ய பைஇன்ஸ்டாலரில் முன்பு ஒரு வசதி இருந்தது. சாவியும் அதே எக்ஸ்இக்குள்தான் இருக்கும் என்பதால் 6.0 பதிப்பில் அதைத் தூக்கிவிட்டார்கள்.

பைத்தான் கோடை என்கிரிப்ட் செய்து பூட்டும் பைஆர்மர் ஒரு படி மேல். ஆனால் ஓடும்போது மெமரியில் பிரித்துத்தானே ஆக வேண்டும்? அங்கே கைவைக்கும் கருவிகளும் கிடைக்கின்றன.

வாங்குபவரின் கம்ப்யூட்டரில்தான் ஓட வேண்டும் என்றால் என் தேர்வு சைத்தான் (Cython; தமிழில் எழுதினால் பெயரே வில்லங்கம்தான்) அல்லது நியூட்கா. இரண்டுமே பைத்தானை சி கோடாக மாற்றி, மெஷின் கோடாக கம்பைல் செய்பவை. மெஷின் கோடைப் பிரித்துக் காட்டும் கித்ராவில் போட்டு உட்கார்ந்து படிக்கப் பொறுமை வேண்டும். ஐந்நூறு ரூபாய் சந்தா கட்டியவர் அந்த வேலைக்கு இறங்க மாட்டார். இதிலும் ஓட்டை உண்டு. ஃபங்ஷன் பெயர்களும் எழுத்துச் சரங்களும் பெரும்பாலும் அப்படியே வெளியே தெரியும். அவற்றை மறைக்கும் வசதி நியூட்காவின் கட்டணப் பதிப்பில்தான் உண்டு.

மெட்டாடிரேடர் என்ற டிரேடிங் மென்பொருளில் ஆல்கோ எழுதும் ஆட்களுக்கு இது பழைய தலைவலி. அதன் நான்காம் பதிப்பான எம்டி4-இல் கம்பைல் ஆன பழைய இஎக்ஸ்4 ஃபைல்களை டீகம்பைல் செய்வது ஒரு காலத்தில் தொழிலாகவே நடந்தது. 2014-இல் பில்ட் 600 வந்து கம்பைலர் மாறிய பிறகுதான் அடங்கியது. இன்று எம்டி5-இன் இஎக்ஸ்5 எவ்வளவோ தேவலை.

சார்ட் தளமான டிரேடிங்வியூவின் கதை வேறு. அதன் சொந்த மொழியான பைன் ஸ்கிரிப்ட் அவர்கள் சர்வரில் ஓடுகிறது. இன்வைட்-ஒன்லியாக (நீங்கள் அனுமதித்தவர்களுக்கு மட்டும்) போட்டால் சந்தாதாரரின் பிரவுசருக்கு முடிவுகள் மட்டும்தான் வரும். சிறிய ஆளுக்கு இதைவிட மலிவான பூட்டு கிடையாது. ஒன்று மட்டும்: இடைக்கணக்குகளை சார்ட்டில் வரைந்து (பிளாட் செய்து) வைக்காதீர்கள். சார்ட் டேட்டாவை டவுன்லோடு செய்தால் அவையும் சேர்ந்து போகும்.

சொந்த சர்வரில் கோடை வைத்து ஆர்டரை மட்டும் அனுப்புவது இவை எல்லாவற்றையும்விட உறுதி. கோடே வெளியே போகவில்லையே. ஆனால் ஆர்டர் புக் (கணக்கில் தெரியும் ஆர்டர் பட்டியல்) பேசும். நண்பரின் இரண்டு மாத டிரேடுகளை எக்செலில் போட்டுப் பாருங்கள்: தினமும் 9:20, ஸ்பாட்டை (அப்போதைய நிஃப்டி மதிப்பை) ஒட்டிய ஸ்ட்ரைக் (ஒப்பந்த விலை), கால் ஆப்ஷனும் புட் ஆப்ஷனும் சேர்த்து விற்பனை, பிரீமியம் (ஆப்ஷனின் விலை) 25 சதவீதம் ஏறினால் வெளியேற்றம். கோடை யார் கேட்டார்கள்? நேரத்தை இங்கொன்றும் அங்கொன்றுமாக நகர்த்தலாம், அதற்கு ஸ்லிப்பேஜில் (நினைத்த விலைக்கும் கிடைக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தில்) விலை கொடுக்க வேண்டும். நாலு விதியில் அடங்கும் ஸ்ட்ராடஜியை எந்த சர்வரும் காப்பாற்றாது. பல டேட்டாக்களைக் கலந்து முடிவெடுக்கும் மாடலுக்குத்தான் இந்தச் செலவு தகும்.

பெரிய இடத்தில் திருட்டே வேறு வழியில் வருகிறது. 2024 ஏப்ரலில் அமெரிக்க டிரேடிங் நிறுவனமான ஜேன் ஸ்ட்ரீட், மில்லேனியம் என்ற ஹெட்ஜ் ஃபண்ட் மீதும் அங்கே போய்ச் சேர்ந்த தன் முன்னாள் டிரேடர்கள் இருவர் மீதும் நியூயார்க்கில் வழக்குப் போட்டது. தன் ரகசிய ஸ்ட்ராடஜியை எடுத்துப் போய்விட்டார்கள் என்பது புகார். எக்ஸ்இயை உடைத்ததாகப் பேச்சே இல்லை. மூளையில் இருந்ததைப் பற்றிய சண்டை. அந்த ஸ்ட்ராடஜி இந்திய ஆப்ஷன்களைச் சேர்ந்தது என்பது கோர்ட்டில் நடந்த வாதத்திலேயே வெளியே வந்துவிட்டது. டிசம்பரில் சமரசம் ஆனார்கள்.

விற்பவர்களுக்கு இன்னொரு செலவும் உண்டு. பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் 2025 பிப்ரவரி சுற்றறிக்கை ஆல்கோக்களை வொயிட் பாக்ஸ், பிளாக் பாக்ஸ் என்று பிரிக்கிறது. லாஜிக் பயனருக்குத் தெரியாது என்றால் பிளாக் பாக்ஸ். அதைத் தருபவர் ரிசர்ச் அனலிஸ்டாகப் பதிவு செய்திருக்க வேண்டும். மறைப்பதற்கும் லைசென்ஸ்!

நண்பர் ஏபிஐ கீயை அன்று இரவே மாற்றினார். சிக்னல் கணக்கை சர்வருக்கு நகர்த்தி, எக்ஸ்இயில் ஆர்டர் போடும் பகுதியை மட்டும் நியூட்காவில் கம்பைல் செய்திருக்கிறார். 9:20-ஐத்தான் இன்னும் மாற்றவில்லை.