அக்கிக்கு அசைக்ளோவிரா, வலாசைக்ளோவிரா?

திருப்பாப்புலியூரில் என் பெரியம்மாவுக்கு இடுப்பின் ஒரு பக்கம் கொப்புளம் வரிசை கட்டியது. அக்கிதான். காவி எழுதியே இரண்டு நாள் போய்விட்டது. கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்கினால்தான் நல்ல பலன். முதலில் டாக்டரிடம் ஓடுங்கள். அப்புறம் அசைக்ளோவிர், வலாசைக்ளோவிர் என்ற இரண்டு வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகளில் எது என்ற கேள்வி வரும்.

வேலை: ஒன்றுதான். வலாசைக்ளோவிர் உடம்புக்குள் அசைக்ளோவிராகவே மாறுகிறது, ஆனால் ரத்தத்தில் கூடுதலாகச் சேரும்.

வேளை: அசைக்ளோவிர் 800 மி.கி., தினம் 5 வேளை. 7 நாளைக்கு 35 மாத்திரை. வலாசைக்ளோவிர் 1 கிராம், 3 வேளை, 21 மாத்திரை. நான் பெரிதாக நினைப்பது இதைத்தான். பெரியம்மா மத்தியானம் கண்ணயர்ந்தால் ஒரு வேளை தவறிவிடும். காலண்டர் தாளில் கோடு கிழித்து எண்ணிக் கொடுத்தேன்.

விலை: அசைக்ளோவிர் மலிவு.

சிறுநீரகக் கோளாறு இருந்தால் இரண்டிலுமே அளவைக் குறைக்க வேண்டும், டாக்டரிடம் மறைக்காதீர்கள். தண்ணீர் நன்றாகக் குடிக்க வேண்டும்.

வேளை பார்த்துக் கொடுக்க வீட்டில் ஆள் இருந்தால் அசைக்ளோவிர் போதும். தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு, காசு கொஞ்சம் கூடினாலும், வலாசைக்ளோவிர் தரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.