59 கிளாஸா 60 கிளாஸா: கிழக்கு ஆப்பிரிக்க மீட்டர் கேஜ்ல ஓடுன ரெண்டு காரட் இன்ஜின்கள்

காரட் (Garratt) இன்ஜின், அதாவது நடுவுல பாய்லர், முன்னாடியும் பின்னாடியும் ஒவ்வொரு இன்ஜின் யூனிட்னு இருக்கற ஸ்டீம் இன்ஜின்னு பேச்சு எடுத்தாலே எல்லாரும் நேரா கிழக்கு ஆப்பிரிக்க ரயில்வேயோட 59 கிளாஸுக்குத்தான் போவாங்க. போகட்டும், தப்பில்ல, மீட்டர் கேஜ்ல அதைவிட பலமான ஸ்டீம் இன்ஜின் உலகத்துல எங்கயும் ஓடுனதில்ல. ஆனா அதே ரயில்வேல, கிட்டத்தட்ட அதே வருஷங்கள்ல, அதே பேயர் பீகாக் கம்பெனி டிசைன்ல வந்த 60 கிளாஸை யாரும் கண்டுக்கிறதே இல்ல, எனக்கு அது ரொம்ப நாளா உறுத்துது. அதான் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்துடலாம்னு.

முதல்ல லைனைப் பத்தி கொஞ்சம். மொம்பாசால 1896ல வெள்ளைக்காரன் போட ஆரம்பிச்ச லைன் இது, கூலியாட்கள், ஆரம்பகால இன்ஜின், பெட்டி எல்லாம் இந்தியாவுல இருந்து போனதால நம்ம மீட்டர் கேஜே அங்கயும் போயிடுச்சு. கடல் மட்டத்துல கிளம்பி நைரோபி வர்றதுக்குள்ள சுமார் 530 கிலோமீட்டர்ல 1,600 மீட்டருக்கு மேல ஏறணும். ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சதும் மொம்பாசா துறைமுகத்துல சரக்கு வந்து குவியுது, எடுத்துட்டுப் போக ரயிலால முடியல. ஒத்தை லைன், அதுல இன்னும் நிறைய ரயில் விடவும் வழியில்ல, அப்போ ஒவ்வொரு ரயிலையும் பெருசாக்குறதுதான் ஒரே வழி.

காரட் எப்படி வேலை செய்யுதுன்னா, பல்லக்கு மாதிரி. முன்னாடி ஒரு இன்ஜின் யூனிட், பின்னாடி ஒண்ணு, ரெண்டும் சேர்ந்து நடுவுல பாய்லரைத் தூக்கிட்டுப் போகும், ரெண்டு பக்கமும் பிவட் இருக்கறதால வளைவுல தனித்தனியா திரும்பிக்கும். பாய்லருக்கு அடியில சக்கரமே கிடையாது, அதனால அதை எவ்வளவு வேணா குண்டா, நெருப்பு எரியுற ஃபயர்பாக்ஸை எவ்வளவு வேணா ஆழமா பண்ணலாம். 59ஓட பாய்லர் குறுக்களவு ஏழரை அடி, ஓடுற தண்டவாளத்தோட அகலம் மூணேகால் அடி சொச்சம், அதாவது ரெண்டு மடங்குக்கும் மேல! சாதாரண இன்ஜின்ல இதை கனவுல கூட செய்ய முடியாது. குறைன்னு பாத்தா, தண்ணி டேங்கும் எண்ணெய் டேங்கும் ஓட்டுற சக்கரத்து மேலயே உட்கார்ந்திருக்கு, தண்ணி குறையக் குறைய பிடிமானமும் குறையும். இது ரெண்டு கிளாஸுக்கும் பொதுதான்.

இப்போ கணக்குக்கு வருவோம். ரெண்டுமே 4-8-2+2-8-4 (சக்கரக் கணக்கு இது: ஒவ்வொரு யூனிட்லயும் நடுவுல ஓட்டுற சக்கரம் 8, ரெண்டு பக்கமும் எடை தாங்குறது 4ம் 2ம்), ரெண்டுமே எண்ணெய் எரிக்கிறது. 59 மொத்தம் 34 இன்ஜின், 1955-56ல வந்துச்சு, எடை சுமார் 252 டன், நீளம் 104 அடி, இழுவிசை 83,350 பவுண்ட், ஒன்றரை சதவீத ஏத்தத்துல 1,200 டன் கூட்ஸை தனியா இழுத்துட்டுப் போகும். 60 மொத்தம் 29, அதுல முதல் 12 பிரான்ஸ்ல ஃப்ராங்கோ-பெல்ஜ் கம்பெனில கட்டுனது, இழுவிசை 59ல ஏறக்குறைய பாதிதான். இதைப் பாத்துட்டுத்தான் எல்லாரும் 60 சும்மா சின்ன இன்ஜின்னு ஒதுக்கிடுறாங்க.

ஆனா ஆக்சில் லோடைப் பாருங்க, அதாவது ஒரு ஆக்சில் தண்டவாளத்து மேல போடுற எடை. 59க்கு 21 டன், 60க்கு 11 டன். ஒப்பிட்டு சொல்லணும்னா நம்ம ஊர்ல எழும்பூர்ல இருந்து தெக்கே மீட்டர் கேஜ்ல ஓடுன ஒய்பி, ஒய்ஜி ஸ்டீம் இன்ஜின் எல்லாம் பத்தரை டன்தான், 59ஐ கொண்டுவந்து அந்த லைன்ல விட்டிருந்தா தண்டவாளம் தாங்கியிருக்காது. மொம்பாசா - நைரோபி மெயின் லைனை கெஜத்துக்கு 95 பவுண்ட் தண்டவாளம் போட்டு பலப்படுத்துனதாலதான் 59ஆல அங்க ஓட முடிஞ்சுது. அந்த ரோட்டை விட்டு வெளிய, தங்கனிக்கா (இன்னிக்கு தான்சானியா) பக்கம், உகாண்டா பக்கம், 50 பவுண்ட் லேசான தண்டவாளம் எவ்வளவோ தூரம் கிடந்துச்சு, அங்கெல்லாம் 59 எட்டிக்கூட பாக்க முடியாது. 60 தாராளமா போகும். எட்டு ஆக்சில்ல ஓட்டுற எடையைப் பிரிச்சுப் போட்டு, ஒண்ணுக்கு 11 டன்னுக்கு மேல போகாம, அந்த ஒல்லி தண்டவாளத்துல இவ்வளவு பலத்தை வாங்குனது, என்னைக் கேட்டா 59ஐ விட கஷ்டமான வேலை. 59க்கு லைனை மாத்துனாங்க, 60 இருக்கற லைனுக்கு ஏத்த மாதிரி வந்துச்சு.

அதுக்காக 59 தேவையில்லன்னு சொல்ல வரல. துறைமுக நெருக்கடி தீர்ந்ததுல அதுக்குப் பெரிய பங்கு உண்டு, 60ஐ வச்சு அதைச் செய்யணும்னா ரெண்டு இன்ஜின், ரெண்டு செட்டு ஆளுங்க வேணும். டிரைவர்கள்ல நிறைய பேர் சீக்கியர்கள், தன் இன்ஜினை சொந்த வண்டி மாதிரி பாலிஷ் போட்டு வச்சிருப்பாங்க, பழைய போட்டோக்கள்ல அந்த மெரூன் பெயின்ட்டும் பித்தளையும் மின்னுறது பாத்தாலே தெரியும். ஆனா காசு ஒரு கிளாஸுக்குத்தான் இருக்கு, முழு நெட்வொர்க்கையும் ஓட்டணும்னா நான் 60ஐத்தான் எடுப்பேன், இதுல எனக்கு சந்தேகமே இல்ல.

பேர் விஷயத்துலயும் 60க்கு ராசி இல்ல. 59க்கெல்லாம் மலைங்க பேரு, 60க்கு கவர்னர்கள் பேரு, சுதந்திரம் வந்ததும் அந்த கவர்னர் பலகைகளைக் கழட்டிட்டாங்க, மலை பேரு அப்படியே நின்னுச்சு. நைரோபி ரயில்வே மியூசியம் போனா 5918 மவுண்ட் கெலாய், 5930 மவுண்ட் ஷெங்கேனா ரெண்டையும் பாக்கலாம், 60ல 6006ம் அங்கதான் இருக்கு, அதையும் நின்னு பாருங்க.

மேலெட்னு ரெண்டு செட் ஓட்டுற சக்கரம் வச்ச இன்னொரு வகை ஸ்டீம் இன்ஜினையும் முதல் உலகப்போருக்குக் கொஞ்சம் முன்னாடி உகாண்டா ரயில்வே வாங்கிப் பாத்துச்சு, சரிப்பட்டு வரல, அதை விட்டுடுவோம். உண்மையான போட்டி டீசல்தான். 59க்கும் மேல 27 டன் ஆக்சில் லோட்ல 61 கிளாஸ்னு ஒண்ணு டிசைன் வரைக்கும் போச்சு, கட்டவே இல்ல, அதுக்கு மறுபடி லைனையே பலப்படுத்தணுமே. 1960ல இங்கிலிஷ் எலெக்ட்ரிக் டீசல் வந்தப்போ அதுல மோட்டார் இல்லாத ஆக்சில் முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு கூடுதலா வச்சிருந்தாங்க, எடையைப் பிரிச்சு தண்டவாளத்து மேல பாரத்தைக் குறைக்கத்தான். 60 போன வழியிலதான் டீசலும் போச்சு, 1980 வாக்குல 59ம் ஓட்டத்தை நிறுத்திடுச்சு.