ஒரே 2022, இரண்டு படம், வீட்டில் ஒரு சண்டை

போன வெள்ளி இரவு ஒன்று, சனி இரவு ஒன்று என்று மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டில் இரண்டு படம் பார்த்தோம். திட்டம் போட்டுப் பார்க்கவில்லை. ஆனால் இரண்டுமே 2022 இல் இலங்கை வங்குரோத்தானதிலிருந்து முளைத்த கதைகள் என்பதால், ஞாயிறு காலை புட்டுக்கு முன்னால் உட்கார்ந்ததும் எது திறம் என்று சண்டை வந்துவிட்டது. நான் ஒரு பக்கம், அம்மாவும் அக்காவும் மறுபக்கம், மச்சான் வழக்கம்போல இரண்டு பக்கமும்.

முதல் படம் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’. அபிஷன் ஜீவிந்த் இயக்கியது, சசிகுமாரும் சிம்ரனும் நடித்தது, 2025 மே முதலாம் திகதி வந்தது. மற்றது பிரசன்ன விதானகேயின் ‘பாரடைஸ்’. 2023 இல் தென்கொரியாவின் பூசான் திரைப்பட விழாவில் கிம் ஜிசோக் விருது வாங்கி, 2024 ஜூனில் இந்தியத் தியேட்டர்களுக்கு வந்த படம். முடிவுகளையும் சொல்லித்தான் பேசப்போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்ததில் ஒரு வேடிக்கை பிடிபட்டது. ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யில் நெருக்கடி தாங்காமல் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று கள்ளமாகப் படகேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, சென்னையில் ஒரு காலனியில் கேரளாக்காரர் என்று சொல்லிச் சமாளிக்கிறது. ‘பாரடைஸ்’ஸில் உண்மையான கேரளாச் சோடி ஒன்று அதே நெருக்கடி நேரத்தில் ஐந்தாவது கல்யாண நாளைக் கொண்டாட இலங்கைக்கு வருகிறது, மலிவாக இருக்கும் என்று. ஒரு கரையிலிருந்து உயிர் தப்பப் போகிறார்கள், மறு கரையிலிருந்து ராமாயணச் சுற்றுலா வருகிறார்கள். எங்கள் சின்னம்மா மருந்தெடுக்கச் சென்னை போன நேரம் ஆட்டோக்காரர் “நீங்க கேரளாவா?” என்று கேட்டாராம், மட்டக்களப்பிலிருந்து போகிற யாரிடமும் இந்தக் கதை ஒன்று இருக்கும், அதனால் அந்தக் காட்சிகளில் அம்மா விழுந்து விழுந்து சிரித்ததில் ஆச்சரியமில்லை.

பேச்சுத்தமிழில்தான் எனக்கு முதல் கடுப்பு. கோடம்பாக்கத்துக்கு இலங்கைத் தமிழ் என்றால் யாழ்ப்பாணத் தமிழ்தான், இந்தப் படத்திலும் அதுதான். கதைக்குடும்பம் அந்தப் பக்கம் என்பதால் பிழை சொல்ல ஏலாது. சசிகுமார் பாவம் நன்றாகவே முயன்றிருக்கிறார். ஆனாலும் எங்கள் மட்டக்களப்புப் பேச்சின் ‘மறுகா’வையும் (பிறகு என்று அர்த்தம்) ‘என்னகா’வையும் நான் இன்னும் ஒரு தமிழகப் படத்திலும் கேட்கவில்லை. படம் ஓடிக்கொண்டிருக்கும்போது அம்மா “மறுகா என்ன நடந்த மனே, பொலிஸ் புடிச்சிட்டானா?” என்று குசினிக்குள்ளிருந்து கேட்டது, திரையில் கேட்ட இலங்கைத் தமிழுக்கும் அதுக்கும் இடையில் எத்தனை கிலோமீற்றர் என்று யோசித்தேன்.

ஆனால் கடைசிக் காட்சியில் எல்லாம் போய்விட்டது, உண்மையைச் சொல்ல வேண்டும். பொலிஸ் தேடி வருகிறது, இந்தக் குடும்பத்தைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கக் காலனியே இலங்கைத் தமிழில் பேசத் தொடங்குகிறது. எந்தப் பேச்சை மறைக்கச் சொன்னார்களோ அதையே எல்லோரும் எடுத்துப் போர்த்திக்கொள்கிறார்கள். அக்கா அழுதாள், நான் தண்ணி குடிக்கிற சாட்டில் எழும்பிப் போனேன். அதுக்கு முன்னால் வருகிற செத்த வீடும் அப்படித்தான். இளங்கோ குமரவேலின் மனைவியாக வருபவர் இறந்துபோக, பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் முகம் பார்க்காத சனம் முதல்தடவையாக ஒரு கூரைக்குக் கீழ் சேர்கிறது, சேர்த்து வைக்கிறவர் நேற்று வந்த அகதி. அம்மா சொன்னது, “செத்த வீட்டுக்குச் சனம் சேர்க்கிறதுக்கு எங்கட ஆக்களுக்கு ஆரும் படிப்பிக்கத் தேவல்ல.”

சரி, மறுபக்கம். ‘பாரடைஸ்’ஸில் அழ இடமில்லை, தொண்டையில் முள் மாதிரி நிற்கும். அந்தக் கேரளாச் சோடியில் புருஷனான கேசவின் லேப்டொப்பும் ஃபோனும் களவு போகின்றன. பொலிஸில் முறைப்பாடு. சார்ஜன்ட் பண்டார, மகேந்திர பெரேரா நடித்திருக்கிறார், தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பொடியன்கள் மூன்று பேரைக் கொண்டுவந்து நிறுத்தி இவர்களா என்று கேட்கிறார். கேசவுக்கு நிச்சயமில்லை. ஆனால் புதிதாகக் கிடைத்த பட வேலை முழுக்க அந்த லேப்டொப்பில், பொலிஸோ அவசரப்படுத்துகிறது, ஆம் என்று தலையாட்டிவிடுகிறான். பிறகு அடி, ஒரு பொடியன் சாகிறான். துப்பாக்கியை எடுத்தவன்தான் வில்லன் என்றில்லை, தலையாட்டியவனும்தான். யுத்த காலத்தில் காட்டிக்கொடுப்பவர்கள் முகமூடி போட்டுத் தலையாட்டியதில் ஊரில் எத்தனை பேர் போனார்கள் என்று தெரிந்த வயதுக்காரர் எங்கள் மச்சான், அந்த இடத்தில் ஒன்றும் பேசவில்லை, ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை மட்டும் குறைத்தார்.

கேசவின் மனைவி அம்ரிதாவால்தான், தர்ஷனா ராஜேந்திரன் நடித்திருக்கிறார், படம் நிற்கிறது. ராவணன் குகை என்று வழிகாட்டி கதை சொல்ல, ராமாயணம் ஒன்றில்லை, பல என்கிறாள், சீதையே ராவணனைக் கொல்கிற கதையும் உண்டு என்கிறாள். (எங்கள் அமிர்தகழி மாமாங்கத் தீர்த்தத்துக்கும் அனுமார் வால் அணைத்த கதை உண்டு, சுற்றுலா பஸ் மட்டும் வருவதில்லை.) புருஷன் தலையாட்டியதிலிருந்து அவள் அவனைப் பார்க்கிற பார்வை மாறிக்கொண்டே போகிறது. கடைசியில் துப்பாக்கி வெடிக்கும்போது அது தவறி நடந்ததா, வேண்டுமென்று நடந்ததா என்று படம் சொல்லாமலே முடிகிறது. அம்மாவுக்கு அதில்தான் கோவம், “முடிவு சொல்லாம என்ன படம்?” என்று. எனக்கு அதில்தான் படம்.

எனக்கு ‘பாரடைஸ்’தான் பெரிய படம், அதில் மாற்றமில்லை. ஆனால் அதிலும் ஒரு குறை உறுத்துகிறது. அடி வாங்குகிற பொடியன்களுக்குப் பேச்சே கொஞ்சம்தான். அவர்கள் வீடு, தாய், தோட்டத்தில் அன்றைக்கு அரிசி இருந்ததா, ஒன்றும் எமக்குத் தெரியாது, வந்த சோடியின் கண்ணாடி வழியாகத்தான் எல்லாம். நெருக்கடி ரோட்டோரத்துக் கோஷமாகவும் எரிபொருள் தட்டுப்பாடாகவும் தெரிகிறது. அப்படிக் காட்டுவதுதான் இயக்குநரின் நோக்கம் என்று வாதாடலாம், நானே ஞாயிறு காலை வாதாடினேன், அக்கா ஒரே கேள்வியில் அடக்கினாள்: “அப்ப நாங்க ஆருக்குப் பின்னால நிக்கிற மரம்?”

‘டூரிஸ்ட் ஃபேமிலி’யில் அந்தக் குறை இல்லை, நாங்கள்தான் நடுவில். ஆனால் நடுவில் நிற்கிறதுக்கு அவர்கள் கொடுக்கிற விலை எனக்குப் பிடிக்கவில்லை. சசிகுமார் நடித்த அப்பா தாஸ் கோபப்படமாட்டார், கஷ்டம் வந்தாலும் முகம் கோணமாட்டார், கண்ட எல்லாருக்கும் உதவுவார். இவ்வளவு தங்கமானவர் என்பதால்தான் காலனி காப்பாற்றுகிறது. குடித்துவிட்டுச் சத்தம் போடுகிற, கடன் வாங்கித் திருப்பித் தராத ஒரு இலங்கைக்காரன் படகில் இறங்கியிருந்தால்? அவனுக்கும் பசிதானே. ராமேஸ்வரத்தில் வெடித்த குண்டுக்கு இவர்களைச் சந்தேகிக்கிற திருப்பமும் கதையை இழுக்க வைத்த கயிறு மாதிரித்தான் பட்டது.

இன்னொன்று, இரண்டு படத்திலும் நான் தேடியது கிடைக்கவில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. மச்சான் மோட்டார் சைக்கிளைப் பெற்றோல் செட் வரிசையில் விட்டு இரண்டு இரவு அதன் மேலேயே நித்திரை கொண்டார், எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்த பிறகுதான் கிழமைக்கு 4 லீற்றர். அதுக்கு முதல் வருசமே இரசாயன உரத்தை நிறுத்தி, வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் மாமாவின் நெல் வேளாண்மை இடுப்பளவுக்கு வராமல் முழங்காலளவில் மஞ்சளாய் நின்றது. ஓடிப்போனவர்களையும் வந்து பார்த்தவர்களையும் படமாக்கியிருக்கிறார்கள். இருந்தவர்களை இன்னும் இல்லை.

சிம்ரனைப் பற்றி ஒரு வார்த்தை. 2002 இல் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில் இலங்கைப் பிள்ளையைத் தத்தெடுத்து வளர்த்த சென்னைத் தாயாக இங்கே வந்தார், 2025 இல் இலங்கைத் தாயாகச் சென்னைக்குப் போகிறார். அந்தப் படத்தை எடுத்த மணிரத்னத்தின் மெட்ராஸ் டாக்கீஸ்தான் ‘பாரடைஸ்’ஸை வழங்கியிருக்கிறது. அக்கா இதைக் கேட்டதும் “அப்ப ரெண்டு படமும் சொந்தக்காரர்தான், ஏன் சண்டை?” என்றாள்.

எதை முதலில் பார்ப்பது என்று கேட்டால், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’. ‘பாரடைஸ்’ ஒன்றரை மணித்தியாலம்தான், ஆனால் மலையாளம், சிங்களம், ஆங்கிலம், தமிழ் என்று மாறி மாறி வரும். கீழே ஓடுகிற எழுத்தை அம்மாவால் வாசித்து முடிக்க ஒண்ணா, நான் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டே வந்தேன், பாதிக் கோவம் அதாலேயும் இருக்கலாம். வருகிற வெள்ளி மாமா வருகிறார். அவருக்குப் பொலிஸ் படம்தான் வேணுமாம். அம்மா இப்போதே சொல்லிவிட்டார், செத்த வீட்டுக் காட்சியை மட்டும் முதலில் போட்டுவிட்டு, மறுகா அதைப் போடட்டுமாம்.