சென்னை – போர்ட் பிளேர் பாய்மரப் பயணம்: வானிலைச் செய்திக்கு நாவ்டெக்ஸா, ஃபேக்ஸா, எச்எஃப் மின்னஞ்சலா?

சென்னைத் துறைமுகத்திலிருந்து போர்ட் பிளேருக்கு (இப்போதைய பெயர் ஸ்ரீ விஜயபுரம்) நேர்கோட்டில் ஏறத்தாழ 735 கடல் மைல். ஐந்து நாட் (மணிக்கு ஐந்து கடல் மைல்) வேகத்தில் போகும் பாய்மரப் படகுக்கு ஆறு நாள் ஆகும். முதல் இரவுக்குள் செல்போன் சிக்னல் போய்விடும். அதற்குப் பிறகு துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பதுகூட ரேடியோ வழியாக வந்தால்தான் உண்டு.

சாட்டிலைட் போனை முதலிலேயே கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறோம். இரிடியம், துரையா போன்களை அனுமதியில்லாமல் இந்தியக் கடல் எல்லைக்குள் வைத்திருப்பதே சட்டச் சிக்கல். வெளிநாட்டு மாலுமிகள் எழுதும் குறிப்புகளைப் படித்துவிட்டு யாரும் வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டாம். மிஞ்சுவது மூன்று வழிகள்: தானாகவே எழுத்துச் செய்தி வாங்கும் நாவ்டெக்ஸ் ரிசீவர், சிற்றலை ரேடியோவில் வரைபடம் வாங்கும் வெதர் ஃபேக்ஸ், இருவழி எச்எஃப் (சிற்றலை) ரேடியோவில் மின்னஞ்சலாக வரும் கிரிப் கோப்பு, அதாவது காற்றுக் கணிப்பு அடங்கிய சிறு கணினிக் கோப்பு. எங்கள் தேர்வு நாவ்டெக்ஸ். துணைக்கு ஒரு கையடக்க சிற்றலை ரேடியோ.

எச்எஃப் மின்னஞ்சல் மூன்றிலும் வசதியானது, அதில் சந்தேகமில்லை. கடலில் எங்கிருந்தாலும் வேண்டிய கடல் பகுதியை ஒரு சதுரமாகக் குறித்து அனுப்பினால் ஐந்து நாள் காற்றுக் கணிப்பு சில கிலோபைட்டில் வந்துவிடும். ஆனால் அது ஒலிபரப்பும் கருவி. 100 முதல் 150 வாட் வரை வெளியே தள்ள வேண்டும். அந்த நேரத்தில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பாய்மரத்தைப் பின்பக்கம் இழுத்துப் பிடிக்கும் பேக்ஸ்டே கம்பியையே ஆன்டெனாவாக்க, அதை இரண்டு இடத்தில் வெட்டி இன்சுலேட்டர் போட வேண்டும். ஆன்டெனா டியூனர், படகின் அடியில் செப்புத் தகடு, மின்னஞ்சலை ரேடியோ ஒலியாக மாற்றும் பாக்டர் மோடம் என்று செலவு வளர்ந்துகொண்டே போகும். கப்பல் ரேடியோ உரிமமும் இயக்குபவர் சான்றிதழும் தேவை. ஹாம் (பொழுதுபோக்கு வானொலியாளர்) அலைவரிசை வழி என்றால் ஹாம் உரிமம். இத்தனையும் சரியாக இருந்தாலும், அடித்தளத்து ஈரத்தில் கிடக்கும் செப்புத் தகட்டின் முனையில் களிம்பு ஏறினால் சிக்னல் பாதியாகிவிடும். சென்னை உப்புக் காற்றில் அதற்கு ஒரு பருவமே போதும். வருடக்கணக்கில் உலகம் சுற்றப் போகிறவர்களுக்கு இந்த உழைப்பு தகும். ஆறு நாள் பயணத்துக்குத் தகாது.

நாவ்டெக்ஸ் இதற்கு நேர் எதிர். 518 கிலோஹெர்ட்ஸ் ஒரே அலைவரிசை, ஆங்கில எழுத்து, உரிமக் கட்டணமோ சந்தாவோ கிடையாது. ஒவ்வொரு நிலையத்துக்கும் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஒதுக்கீடு. நம் பாதைக்கு வேண்டியவை மூன்று: பரங்கிப்பேட்டை (ஓ எழுத்து), காக்கிநாடா பக்கத்து வாகலபூடி (க்யூ), கார் நிக்கோபார் கீட்டிங் முனை (வி). இந்திய நேரப்படி பரங்கிப்பேட்டைக்குக் காலை 7.50, பிறகு 11.50, 3.50 என்று போகும். வாகலபூடி 8.10, கீட்டிங் முனை 9 மணி. செய்தியின் தலையில் இருக்கும் 'ஓபி07' போன்ற குறியைப் படிக்கப் பழகிக்கொண்டால் போதும்: ஓ நிலையம், பி வானிலை எச்சரிக்கை, 07 வரிசை எண். வகை எழுத்து ஈ என்றால் வழக்கமான முன்னறிவிப்பு. ஏ, பி, டி வகைகளை நிறுத்தவே முடியாது. ஈ-யை நாம்தான் திறந்து வைக்க வேண்டும். புதுக் கருவியில் அது மூடியிருந்து, "முன்னறிவிப்பே வருவதில்லை" என்ற புகார் எழுவது வழக்கம். நிலையங்களில் இந்த மூன்றை மட்டும் திறந்து மற்றவற்றை மூடிவிடுங்கள்.

இதைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம், யாரும் பக்கத்தில் உட்கார வேண்டியதில்லை. இரண்டு பேர் மாறி மாறிக் காவல் இருக்கும் படகில், வாடைக் காற்றை எதிர்த்துச் சாய்ந்து போகும்போது, குறித்த நிமிடத்தில் ரேடியோ முன்னால் போய் உட்காருவது நடக்கிற காரியமில்லை. நாவ்டெக்ஸ் சில வாட் மின்சாரத்தில் இரவு பகலாகக் கேட்டு, வாங்கி, எடுத்து வைக்கும்.

ஆனால் வாங்கினால் மட்டும் போதாது. நாவ்டெக்ஸ் பிழைப்பதும் சாவதும் படகுக்குள் இருக்கும் மின் இரைச்சலால்தான். "நாவ்டெக்ஸ் சரியில்லை" என்று கழற்றி வைத்த கருவிகளில் பெரும்பாலும் கருவியில் கோளாறே இருக்காது. 518 கிலோஹெர்ட்ஸ் நடுத்தர அலைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. சோலார் கன்ட்ரோலர், எல்ஈடி விளக்கு, யூஎஸ்பி சார்ஜர், இன்வெர்ட்டர், ஃபிரிட்ஜ் கம்ப்ரெசர் எல்லாம் இரைச்சலைக் கொட்டும் இடமும் அதுவே. எழுத்துப் பிழை விழுந்த இடத்தில் திரை நட்சத்திரக் குறி போடும். பிழை நான்கு சதவீதத்தைத் தாண்டினால் அந்தச் செய்தியை 'வாங்கியாயிற்று' என்று கருவி கணக்கில் வைக்காது. அடுத்த முறை மறுபடி வாங்கும். ஒரே செய்தி திரும்பத் திரும்ப வந்தால் இரைச்சல் இருக்கிறது என்று பொருள்.

சோதிப்பது எளிது. பேட்டரியில் ஓடும் சாதாரண ஏஎம் ரேடியோவை 531 கிலோஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில், நிலையம் இல்லாத இடத்தில் வைத்து, ஆன்டெனா பொருத்தப்போகும் இடத்தில் பிடியுங்கள். படகின் எல்லா சுவிட்சையும் அணைத்தால் மெல்லிய 'உஸ்' மட்டும் கேட்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகப் போடுங்கள். சோலார் கன்ட்ரோலர் போட்டதும் 'கிர்ர்' என்று எழுந்தால் அதுதான் குற்றவாளி. வெயில் ஏறியபின் ஒருமுறை, இருட்டியபின் ஒருமுறை பாருங்கள். பகலில் சோலாரும் இரவில் விளக்கும் மாட்டும். துறைமுகத்துக்குள் கரை மின்சாரமும் கிரேன்களும் சேர்ந்து இரையும், ஆகவே இந்தச் சோதனையை வெளியே நங்கூரத்தில் செய்வது நல்லது.

மருந்து ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கிறது, ஆனால் சரியானதை வாங்க வேண்டும். கேபிளில் 'க்ளிக்' என்று மாட்டும் சின்ன ஃபெரைட் (இரைச்சலை அடக்கும் காந்தப் பொருள்) இந்த அலைவரிசையில் அநேகமாக ஒன்றும் செய்யாது. கைக்கொள்ளும் அளவு பெரிய ஃபெரைட் வளையமாக எடுத்து, சோலாரிலிருந்து வரும் ப்ளஸ், மைனஸ் இரண்டு வயரையும் சேர்த்து ஆறு முதல் எட்டுச் சுற்று சுற்றுங்கள். மீதி நீளத்தை ஒன்றோடொன்று முறுக்கி விடுங்கள். மலிவு யூஎஸ்பி சார்ஜரைச் சரிசெய்ய முயல வேண்டாம், தூக்கிப் போடுங்கள்.

ஆன்டெனாவில் காளான் வடிவக் காந்தப்புல வகையை எடுங்கள். அதற்குத் தரை இணைப்பு வேண்டாம். சாட்டை வகைக்கு நல்ல தரை வேண்டும், ஃபைபர் படகில் அதுதான் தலைவலி. உயரம் முக்கியமில்லை. பாய்மர உச்சிக்கு ஏற்றாமல் பின்தளக் கம்பியில், சோலார் தகட்டிலிருந்து இரண்டு மீட்டருக்கு மேல் தள்ளிப் பொருத்தினால் போதும். வெளியே இருக்கும் கோஆக்ஸ் (ஆன்டெனா கேபிள்) இணைப்பானைத் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் கீழிருந்து மேலாகச் சுற்றி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரித்துப் பாருங்கள். நடு ஊசியில் பச்சைப் பொடி தெரிந்தால் துடைத்துப் பயனில்லை. கேபிளின் செம்பு பளபளப்பாகத் தெரியும்வரை வெட்டிப் புது இணைப்பான் போட வேண்டும். அச்சடிக்கும் பழைய வகைக் கருவியை வாங்காதீர்கள். மூடிய கேபின் சூட்டில் வெப்பத்தாள் கறுத்துவிடும்.

கிளம்புவதற்கு ஒரு நாள் முன்பே போட்டு வையுங்கள். பரங்கிப்பேட்டை சென்னைக்கு 100 கடல் மைல்தான். நடப்பில் இருக்கும் எச்சரிக்கைகள் கையில் இருக்கும்போதே கயிற்றை அவிழ்க்கலாம்.

குறை பெரிதுதான், மறைக்கவில்லை. எட்டும் தூரத்தை 250 கடல் மைல் என்று வைத்தால், கிழக்குத் தீர்க்கரேகை 84 பாகையிலிருந்து 89½ வரை எந்த நிலையமும் உறுதியில்லை. ஐந்து நாட் வேகத்தில் அது இரண்டரை நாளுக்கு மேல். இரவில் இன்னும் தூரம் எட்டும், ஆனால் வங்கக் கடலில் இடி மின்னல் இரைச்சலும் இரவில்தான் கூடும். இந்தக் கணக்கு ஜனவரி முதல் மார்ச் வரையிலான அமைதிக் காலத்துக்கு உரியது. ஏப்ரல், மே மாதங்களுக்கு இதே எதிர்பார்ப்பை வைத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த இடைவெளிக்குத்தான் சிற்றலை ரேடியோ. எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்க அலை) வசதியுள்ள டெக்சன் போன்ற கையடக்க ரேடியோ, ஏழெட்டு மீட்டர் உறையிட்ட வயரை ஹால்யார்டில் (பாயை ஏற்றும் கயிறு) ஏற்றிய ஆன்டெனா, ஒரு மடிக்கணினி போதும். ஆஸ்திரேலியாவின் விலூனா நிலையம் 15615 கிலோஹெர்ட்ஸில் ஃபேக்ஸ் அனுப்புகிறது. மேல் பக்க அலையில் 1.9 குறைத்து 15613.1-ல் வைத்தால் படம் விழும். மடிக்கணினியை சார்ஜரில் போடாமல் பேட்டரியில் ஓட்டுங்கள். படம் சாய்ந்து வந்தால் அது சவுண்ட் கார்டின் கடிகாரப் பிழை, மென்பொருளில் திருத்திக்கொள்ளலாம். ஆனால் அந்தப் படங்களின் கவனமெல்லாம் தெற்கே. வங்கக் கடல் ஓரமாகத்தான் வரும். ஒரு படத்துக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆள் உட்கார வேண்டும். தனியாக இதை மட்டும் நம்பிப் போகும்படி சொல்ல மாட்டோம். இருட்டிய பிறகு 684 கிலோஹெர்ட்ஸில் போர்ட் பிளேர் வானொலியையும் தேடிப் பாருங்கள்.

இடைவெளி நாட்களில் பாரமானியை மூன்று மணிக்கு ஒருமுறை எழுதுங்கள். இங்கே காற்றழுத்தம் தினமும் காலை, இரவு பத்து மணி வாக்கில் ஏறி, நான்கு மணி வாக்கில் மூன்று ஹெக்டோபாஸ்கல் வரை இறங்குவது இயல்பு. அதனால் முந்தைய அளவோடு ஒப்பிடக் கூடாது, நேற்றைய இதே மணியோடு ஒப்பிட வேண்டும். அந்தக் கணக்கில் மூன்று குறைந்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஐந்து குறைந்திருந்தால், நாவ்டெக்ஸ் திரை காலியாக இருந்தாலும், பக்கத்தில் புயல் இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு பாயைக் குறையுங்கள்.