சாண்ட்பாக்ஸிலிருந்து தாளுக்கு: பிரிண்டரைப் பகிர எந்த வழி?

முன்பின் தெரியாதவர் அனுப்பிய இன்வாய்ஸைத் திறந்து பார்க்க விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் (கணினிக்குள்ளேயே தற்காலிகமாகத் தனியே ஓடும் இன்னொரு விண்டோஸ்) நல்ல இடம். மூடியதும் உள்ளே நடந்ததெல்லாம் அழிந்துவிடும். சிங்கப்பூரில் தேக்கா பக்கத்துச் சின்ன அலுவலகமானாலும் வீவக அடுக்குமாடி வீடானாலும் விண்டோஸ் புரோ இருந்தால் இதைப் பயன்படுத்தலாம். ஹோம் பதிப்பில் இது கிடையாது. சிக்கல் பிரிண்ட் எடுக்கும்போதுதான் வரும். கணினியில் இருக்கும் பிரிண்டர் உள்ளே தெரியாது. பகிர்வு இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது, அது சரியான முடிவும்கூட.

அதைத் திறக்க மூன்று வழிகள் உண்டு. பெரும்பாலானோருக்கு முதல் வழியே போதும் என்பது எங்கள் கருத்து.

பிரிண்டர் ரீடைரக்‌ஷன். கணினியின் பிரிண்டரைச் சாண்ட்பாக்ஸுக்குள் காட்டும் வழி இது. சாண்ட்பாக்ஸுக்கான அமைப்புக் கோப்பை நோட்பேடில் எழுதலாம். வெளியே ‘கான்ஃபிகரேஷன்’ டேக் (கோண அடைப்புக்குறிக்குள் எழுதும் பெயர்), அதற்குள் ‘பிரிண்டர்ரீடைரக்‌ஷன்’ டேக், அதன் மதிப்பு ‘எனேபிள்’. டேக் பெயரில் இடைவெளி விடக்கூடாது. கூடவே ‘நெட்வொர்க்கிங்’ டேகுக்கு ‘டிஸேபிள்’ கொடுங்கள். கோப்பின் பின்னொட்டு டபிள்யூஎஸ்பி (.wsb). சேமிக்கும்போது ‘ஆல் ஃபைல்ஸ்’ என்று தேர்ந்தெடுக்காவிட்டால் நோட்பேட் பின்னால் டிஎக்ஸ்டி சேர்த்துவிடும். அப்புறம் இரட்டைச் சொடுக்கில் சாண்ட்பாக்ஸ் திறக்காது. ஸ்டார்ட் மெனுவிலிருந்து திறந்தால் இந்த அமைப்பு எதுவும் வராது, கோப்பைத்தான் சொடுக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் பிரிண்டர் வரவில்லை என்றால், அலுவலகத்தின் குரூப் பாலிசி (கணினிகளுக்கு நிர்வாகம் விதிக்கும் அமைப்புகள்) தடுக்கிறதா என்று ஐடி பிரிவைக் கேளுங்கள்.

இதன் பலம், இணையத்தை முழுக்க அடைத்துவிட்டும் தாளை எடுக்க முடிவது. பிரிண்டர் யூஎஸ்பியா வைஃபையா என்பதும் பொருட்டில்லை, கணினிக்குத் தெரிந்தால் போதும். தாள் அளவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: உள்ளே ‘லெட்டர்’ என்று இருந்தால் (216 x 279 மி.மீ.), ஏ4 (210 x 297 மி.மீ.) நிரப்பிய பிரிண்டர் தாள் கேட்டு நின்றுவிடலாம்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. உள்ளிருந்து வரும் பக்கத்தைக் கையாள்வது வெளிக்கணினியின் ஸ்பூலர், அதாவது அச்சு வேலைகளை வரிசைப்படுத்தி அனுப்பும் விண்டோஸ் சேவை. 2021 நடுவில் ‘பிரிண்ட்நைட்மேர்’ பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது அதே ஸ்பூலரில்தான். விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடுகிறவர்கள் இந்த வழியைத் தொடவே வேண்டாம்.

வைஃபை பிரிண்டரை நேரடியாகச் சேர்ப்பது. சாண்ட்பாக்ஸ் கணினியின் நேட்டுக்கு (முகவரியை மாற்றிக் கொடுக்கும் அடுக்கு) பின்னால் இருப்பதால் தானியங்கித் தேடல் பெரும்பாலும் பிரிண்டரைக் காணாது. ஐபி முகவரியைக் கையால் தட்டி, டிசிபி போர்ட் 9100 (பிரிண்டர் பக்கங்களை வாங்கும் நெட்வொர்க் வாசல்) வழியாகச் சேர்க்க வேண்டும். டிரைவரும் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) முகவரியும் சாண்ட்பாக்ஸை மூடியதும் போய்விடும், மறுபடி முதலிலிருந்து. ரவுட்டர் ஒருநாள் வேறு முகவரி கொடுத்தால் அதுவும் பொருந்தாது, ரவுட்டரில் முகவரியை நிலைப்படுத்தியாக வேண்டும். இவ்வளவு பாடுபட்டு முடிவில் சந்தேகக் கோப்புக்கு வீட்டு நெட்வொர்க் முழுவதையும் திறந்துவிடுகிறோம். சாண்ட்பாக்ஸ் எதற்காக என்பதே அடிபட்டுப் போகிறது.

பிடிஎஃப் ஆக்கி வெளியே எடுப்பது. அதே அமைப்புக் கோப்பில் ‘மேப்டுஃபோல்டர்’ டேக் மூலம் கணினியின் ஒரு காலி ஃபோல்டரைப் பகிர்ந்து, ‘ரீட்ஒன்லி’ மதிப்பை ‘ஃபால்ஸ்’ ஆக்கி, எட்ஜ் உலாவியின் ‘சேவ் அஸ் பிடிஎஃப்’ வழியாக அதில் சேமிக்கலாம். ஃபோல்டர் முன்பே இருக்க வேண்டும், இல்லையென்றால் சாண்ட்பாக்ஸ் தொடங்காது. எழுத அனுமதித்த ஃபோல்டரில் நீங்கள் மட்டுமல்ல, உள்ளே ஓடும் எந்த நிரலும் எழுதலாம். நீங்கள் வைத்த பிடிஎஃப் தவிர வேறு எதையும் வெளியே வந்து சொடுக்காதீர்கள். கோப்புப் பின்னொட்டுகள் தெரியும்படி எக்ஸ்புளோரரில் அமைத்துக்கொள்ளுங்கள்.

வாடிக்கையாளரின் அடையாள அட்டை எண் உள்ள ஆவணமென்றால் இன்னொரு கவலை: அந்தப் பிடிஎஃப் வட்டில் தங்கிவிடும். ஃபோல்டர் ஒன்டிரைவுக்குள் இருந்தால் மேகத்துக்கும் ஏறிவிடும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அதைப் பத்திரமாக வைப்பது நிறுவனத்தின் பொறுப்பு. தாளை எடுத்ததும் அழியுங்கள், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள்.

யூஎஸ்பியில் இணைத்த லேபிள், ரசீது பிரிண்டர்களுக்கு இந்த மூன்றையும் நம்ப வேண்டாம். அவற்றின் மென்பொருள் பிரிண்டருக்கே உரிய கட்டளைகளை நேராக அனுப்பும்; ரீடைரக்‌ஷன் அதைப் பக்கமாக மாற்றும்போது கெட்டுவிடும். அதற்கு விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மெய்நிகர் கணினி மென்பொருள் ஒன்றில் யூஎஸ்பி சாதனத்தையே உள்ளே கொடுக்க வேண்டும். கொடுத்திருக்கும் நேரத்தில் வெளிக்கணினியால் அந்தப் பிரிண்டரைப் பயன்படுத்த முடியாது.