கவுனிக்கு இணங்காத குக்கர்: ஆறு ஆண்டு அனுபவம்

சென்ற வாரம் தேவகோட்டையிலிருந்து அழைத்த தோழி, மகளின் திருமணத்துக்குச் சீர்ச் சாமான் பரப்பும்போது என்னிடம் இருப்பதைப் போன்ற மின்சார அரிசிக் குக்கர் ஒன்றையும் சேர்த்து வைக்கலாமா என்று கேட்டார். "உங்க வீட்ல ஆறு வருஷமா ஓடுதே ஆச்சி, நம்பி வாங்கலாமா?" என்ற கேள்விக்கு என்னால் உடனே விடை சொல்ல இயலவில்லை. அதற்கு மூன்று நாள் முன்புதான் அந்தக் குக்கர் பழுது பார்க்கப்பட்டுக் காரைக்குடிக் கடையிலிருந்து வீடு திரும்பியிருந்தது. கொள்ளளவும் வாட்டும் பெட்டியின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை.

நான் இதை வாங்கியது நாசி லெமாக்குக்காக. அப்பச்சி, அதாவது என் தந்தை, மலேசியாவின் ஈப்போவில் இருந்த காலத்தில், விடியற்காலையில் வாழையிலையில் கூம்பாக மடித்து விற்கும் அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்தவள் நான். ஊர் திரும்பி எத்தனையோ ஆண்டுகள் ஆன பின்னும், மழை பெய்யும் காலை வேளைகளில் நாக்கு அதைத்தான் கேட்கிறது. மலாய் மொழியில் 'லெமாக்' என்பது கொழுப்பைக் குறிக்கும் சொல்; இங்கே அது தேங்காய்ப்பாலின் கொழுமை. அரிசியைத் தேங்காய்ப்பாலில் பாண்டான் இலையோடு வேகவைத்து, காரச் சம்பலும் பொரித்த நெத்திலியும் வறுத்த நிலக்கடலையும் அவித்த முட்டையும் வெள்ளரிக்காயும் வைத்து உண்பதே நாசி லெமாக். உப்புக்கறிக்கும் கோழி வறுவலுக்கும் குறைவில்லாத இந்த ஊரில் இதை விற்பவர் ஒருவரும் இல்லை என்பதால், ஒவ்வொரு பொருளாகத் தேடித்தான் சேர்க்க வேண்டியிருந்தது. இலங்கைத் தமிழர் 'ரம்பை' என்று அழைக்கும் பாண்டான் செடி, ஒரு நாற்றுப் பண்ணையில் 'பாசுமதிச் செடி' என்ற பெயரில் எனக்குக் கிடைத்தது. இப்போது அது இரண்டாங்கட்டு முற்றத்தில், நிழலும் ஈரமும் உள்ள மூலையில் தூர் கட்டி நிற்கிறது. நெத்திலிக் கருவாட்டைத் தொண்டிக்குப் போகும் உறவினர் வாங்கி வருகிறார். பெலாச்சான் என்னும் இறால் விழுது மட்டும் மலேசியாவிலிருந்து யாரேனும் வரும்போது மூன்று உறைகளுக்குள் சுற்றப்பட்டு வந்து சேரும்.

இந்த ஒரு சமையலில் குக்கரை எவ்வளவு பாராட்டினாலும் தகும். அடுப்பில் வைத்தால் தேங்காய்ப்பால் திரிந்து எண்ணெய் பிரியும், அல்லது கிளறாமல் விட்ட நேரத்தில் அடி பிடிக்கும். குக்கரிலோ, ஊறவைத்து வடித்த அரிசியோடு நீர் கலந்த பாலும் உப்பும் ஒரு துண்டு இஞ்சியும் சேர்த்து, இரண்டு ரம்பை இலைகளை முடிச்சுப் போட்டு அமிழ்த்திவிட்டால் நம் வேலை முடிந்துவிடுகிறது. மூடியைத் திறக்கும்போது நிறம் மங்கிய அந்த இலைமுடிச்சு சோற்றின் மேல் கிடக்கும். சுற்றிலும் பருக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல், மேல்பக்கம் மெல்லிய எண்ணெய்ப் பளபளப்போடு நிற்கும். ஆவியோடு எழும் அந்த மணத்துக்காகவே பேரப்பிள்ளைகள் அடுக்களை வாசலில் வந்து நிற்கிறார்கள். ஆறு ஆண்டுகளில் ஒரு முறைகூட இதில் குறை கண்டதில்லை.

என் வருத்தம் கவுனியரிசியைப் பற்றியது. பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன நம்மவர்களோடு இந்தக் கரிய ஒட்டரிசி செட்டிநாட்டுக்கு வந்தது. பர்மிய மொழியில் ஒட்டரிசிக்கு வழங்கும் 'கௌக்ஞின்' என்ற பெயருக்குக் 'கவுனி' என்ற சொல் மிக அருகில் ஒலிக்கிறது. திருமணக் காலைப் பலகாரத்தில் கவுனி இல்லாவிட்டால் பந்தி நிறைந்ததாக எங்கள் வீட்டில் யாரும் கருதுவதில்லை. இதே வகை அரிசியை மலாய்க்காரர்கள் பனைவகை வெல்லமிட்டுக் கஞ்சியாகக் காய்ச்சி, மேலே தேங்காய்ப்பால் ஊற்றிப் 'புலுட் ஹீத்தாம்' என்று உண்கிறார்கள். என் நாக்குக்கு இரண்டும் வேண்டும். ஆனால் இரவு முழுவதும் ஊறிய கவுனியைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால், அரிசி பாதி வெந்த நிலையிலேயே 'டக்' என்று பொத்தான் மேலேறிவிடுகிறது. ஆறு ஆண்டுகளாக அந்த ஓசையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

பழுது பார்த்தவர் அடித்தட்டைக் கழற்றிக் காரணத்தைக் காட்டினார். நடுவில் இருக்கும் காந்தம், வெப்பம் நூறு டிகிரியைச் சற்றுத் தாண்டியதும் தன் பிடியை இழக்கிறது. உடனே வில் பொத்தானைத் தள்ளிவிடுகிறது. பாத்திரத்தில் நீர் தளர்வாக இருக்கும்வரை வெப்பம் அந்த அளவைத் தாண்டாது என்பதால், சாதாரண அரிசிக்கு இந்த ஏற்பாடு பிழையின்றிப் பொருந்துகிறது. கவுனியோ வேகத் தொடங்கியதும் பசையை விட்டு அடியில் கூழாகப் படிகிறது. அந்தப் படலம் சூடேறியதும், மேலே நீரும் வேகாத அரிசியும் இருக்கும்போதே காந்தம் விலகிவிடுகிறது. இதை அறியாமல், பொத்தான் மேலேறாதபடி ஒரு மரக்கரண்டியின் காம்பை நான் முட்டுக் கொடுத்து வைத்ததால்தான் உள்ளிருந்த வெப்ப ஃபியூஸ் போயிற்று. அந்தப் பழுது என் தவறு. அதைக் குக்கரின் மேல் ஏற்ற மாட்டேன். ஈப்போவிலும் ஆத்தா புலுட் ஹீத்தாமைத் திறந்த பானையில் நிறைய நீர் வைத்துக் கிளறித்தான் காய்ச்சினார் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

பழுதுக்குப் பின் ஒரு வழியைக் கண்டேன். குக்கரின் பாத்திரத்தில் இரண்டு தம்ளர் நீர் ஊற்றி, அதற்குள் சிறிய எவர்சில்வர் கிண்ணத்தில் கவுனியை ஊறிய நீரோடு வைத்து மூடினால், வெளிநீர் வற்றும்வரை பொத்தான் அசைவதில்லை. 1955இல் ஜப்பானில் தோஷிபா விற்பனைக்குக் கொண்டுவந்த தானியங்கிக் குக்கரே இப்படி இரட்டைப் பாத்திரத்தோடு, வெளிநீர் வற்றியதும் அணையும்படி அமைந்ததுதான். அந்த முறையில் என் கவுனி கருநீலமாக, விரலில் நசுக்கினால் நடுவில் வெண்மை தெரியாமல் வெந்தது. சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் நெய்யும் ஏலமும் சேர்த்துப் பிசைந்தபோது, பல ஆண்டுகளுக்குப் பிறகு வீட்டில் யாரும் குறை சொல்லாத கவுனியாக அது இருந்தது.

ஆனால் அந்தக் கிண்ணத்தில் வெந்தது ஒரு தம்ளர் அரிசி. இரண்டு பேருக்குச் சரியாக இருக்கும். மறுவாரம் முன்னோர்க்கு இடும் படைப்புக்கு வரவிருப்பவர்களோ இருபது பேர். ஊறிய அரிசியை மூன்றாங்கட்டுக்குத் தூக்கிச் சென்று, விறகடுப்பில் வெண்கலப் பானையை ஏற்றியபோது எனக்குக் கோபம் மீண்டும் மூண்டது. அந்தக் கோபத்தோடுதான் தோழியை அழைத்தேன். சாமானில் குக்கரை வைக்க வேண்டாம், அந்தப் பணத்துக்கு அடி கனத்த வெண்கலப் பானை ஒன்றை வாங்கி வையுங்கள் என்று சொன்னேன். "அப்போ அந்தக் குக்கரை எனக்குக் கொடுத்துடுறீங்களா ஆச்சி?" என்று அவர் கேட்டார். கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலைக்காக இரண்டு ரம்பை இலைகளைப் பறிக்க முற்றத்துக்குப் போனேன்.