ஹெச்பிஎஸ்ஏஜி-யா, ஆன்டி ஹெச்பிஎஸ்-ஸா? எந்த பாசிட்டிவ் கெட்டது

எங்கூட்டு மச்சினன் திருப்பூர்ல பனியன் கம்பெனி டெய்லருங்க, போன வாரம் ஹெபடைடிஸ் பி-ங்கற ஈரல் தொற்றுக்கு எடுத்த ரத்த ரிப்போர்ட்ட தூக்கிட்டு வந்து "பாசிட்டிவ்னு போட்டிருக்குதுங் மாமா, ஈரல் போச்சு"ன்னு ஒரே அழுகை, வாங்கிப் பாத்தா அது ஆன்டி ஹெச்பிஎஸ், அதுக்கான தடுப்பூசி மூணும் போட்டவனுக்கு அது பாசிட்டிவா வந்தாத்தான் நல்லதே.

பேரு ஒரே மாதிரி, அர்த்தம் நேர் எதிர். ஹெச்பிஎஸ்ஏஜி-ங்கறது ஹெபடைடிஸ் பி வைரஸோட மேலுறைல இருக்கற புரதம், ரத்தத்துல அது தெரிஞ்சா தொற்று இருக்குதுன்னு அர்த்தம், 6 மாசம் தாண்டியும் போகலீன்னா நாள்பட்டது. 1960-கள்ல அமெரிக்க டாக்டர் புளூம்பெர்க் கண்டுபிடிச்சப்ப ஆஸ்திரேலியா ஆன்டிஜன்னு பேரு, 1976-ல அவருக்கு நோபலே குடுத்தாங்க.

ஆன்டி ஹெச்பிஎஸ் அந்தப் புரதத்த எதிர்த்து நம்ம உடம்பு செய்யற ஆன்டிபாடி. ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட்டும் (mIU/mL) அதுக்கு மேலயும்னா பாதுகாப்பு. அவ்வளவுதானுங்க.

குழப்பம் எங்கன்னா, தடுப்பூசில இருக்கறதும் அதே மேலுறைப் புரதந்தான், முழு வைரஸ் கெடையாது, அதனால ஊசி போட்டு நோவு வராது, ஆனா போட்ட கொஞ்ச நாள்ல ஹெச்பிஎஸ்ஏஜி பாத்தா சும்மாவே பாசிட்டிவ் காட்டலாம். இன்னொண்ணு, தொற்று வந்து கொறையற நேரத்துல சில வாரம் ரெண்டுமே நெகட்டிவா வரலாம், அப்ப ஆன்டி ஹெச்பிசி ஐஜிஎம் (வைரஸோட உள்கருப் புரதத்த எதிர்த்து மொதல்ல வர்ற ஆன்டிபாடி) பாக்கோணும்.

ஒண்ணுக்குத்தான் காசுன்னா, ஊசியே போடாதவன் மொதல்ல ஹெச்பிஎஸ்ஏஜி எடுங்க, ஆன்டி ஹெச்பிஎஸ் கடைசி ஊசி முடிஞ்சு 1, 2 மாசம் கழிச்சு பாத்துக்கலாம்.